ஒரு நிமிடச் சிவப்பு வெளிச்சம்

என் மனைவி காலமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகியும், எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளில் வளர்ந்துகொண்டிருந்தாள். கடைசி அறுவையின்போது எடுத்த தோல் துணுக்கிலிருந்து வந்த செல்கள். தட்டுகளைப் பராமரிப்பது என் வேலை. தினமும் அவள் முகத்தில்தான் விழித்தேன், நுண்ணோக்கி வழியாக.

செத்தும் குணம் மாறவில்லை. நான் கை கழுவாமல் தட்டைத் தொட்டால் செல்கள் மொத்தமும் மறுகோடிக்கு ஒதுங்கிவிடும். நம்பாதவர்கள் அப்போதே வந்து பார்த்திருக்கலாம்.

ஆறு தட்டில் ஐந்து ஓய்ந்துபோயின. மிஞ்சிய ஒன்றும் சோர்ந்தபோது ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா சிவப்பு லேசரைக் கொண்டுவந்தார்.

"ஐயா, ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிமிஷம். செல்லுக்குத் தெம்பு வரும். கூடிப்போனா அதே வெளிச்சம் கொன்னுடும்."

"அவளுக்கு மருந்து குடுத்துப் பழக்கம்தாம்மா."

"குடுத்ததும் மூடியில பேனாவால ஒரு கோடு போட்டுடுங்க. சாயங்காலம் நான் அழிச்சுடுவேன். மதியம் கோடு இல்லேன்னா நான் குடுத்துடுவேன்."

மூன்றாம் நாளே சுறுசுறுப்பானாள். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. ஒருத்தியைச் சமாளிக்கவே நாற்பது வருடம் திணறியவன் நான்.

பதினோராம் நாள் காலை வெளிச்சம் காட்டிக் கோடும் போட்டேன். மூடி முழுக்கப் பழைய கோடுகளை அழித்த மைக்கறை. வீட்டுக் கண்ணாடியில் ஒரு விரல்தடம் இருந்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மனசு கேட்கவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பளபளவென்று துடைத்து வைத்தேன். அன்றைய கோடும் அதோடு போனது. மதியம் டாக்டரம்மா மூடியைப் பார்த்தார், கிழவர் மறந்துவிட்டார் என்று இன்னொரு நிமிடம் கொடுத்தார்.

மறுநாள் செல்கள் உருண்டு திரண்டு, தட்டின் பிடிவிட்டு மிதந்தன.

"நேத்து மதியம் கோடே இல்லையே ஐயா?"

"தொடச்சிட்டேம்மா."

"எதுக்கு?"

"அழுக்கா இருந்துச்சு."

அவர் திட்டியிருக்கலாம். குறிப்பேட்டில் 'ஒரே நாளில் இரண்டு நிமிடம்: உயிரில்லை' என்று எழுதிவிட்டு, ப்ளீச் பாட்டிலை எடுத்தார். எந்தத் தட்டானாலும் ப்ளீச் ஊற்றித்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

"நான் ஊத்திடறேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"வேணாம்மா. வேத்துக் கை பட்டா கோவிச்சுக்குவா."

ஊற்றினேன். செல்கள் மிதந்த இளஞ்சிவப்பு ஊட்ட நீர் வெளுத்தது. அரை மணி ஊற வேண்டும் என்பது விதி. நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.