காலி செய்த அறை

2018 நவம்பர் 17, சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஒரு லாட்ஜின் பதிவேட்டில் இப்படி எழுதப்பட்டது: கோவர்த்தனன், வயது 54, நகரி, சித்தூர் மாவட்டம், மூன்று பேர், அறை எண் 14.

அந்த மூன்று பேரில் இரண்டு பேர் 2024 நவம்பர் 16 மதியம் அதே நிலையத்தின் வாசலில் ஆட்டோவுக்காக நின்றிருந்தார்கள். ஹரிதாவின் கையில் ஒரு தோள்பை. அவளுடைய அம்மா கன்னியம்மாளின் கையில் கட்டைப்பை. அதற்குள் ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு. ஆறு வருடமாக நவம்பரில் அந்தப் பை திருப்பதிக்கு வந்து, பிரிக்கப்படாமல் நகரிக்குத் திரும்பிப் போகிறது.

"எந்த ஏரியா மா?" என்றான் ஆட்டோக்காரன். வண்டிக்குள் கிரண்குமார் என்று தெலுங்கில் பெயர் எழுதி, பக்கத்தில் ஒரு குழந்தையின் படம் ஒட்டியிருந்தான். "தரிசனம்னா அலிபிரி பக்கம் போடுங்க. துணிமணி வாங்கணும்னா கோவிந்தராஜர் கோயில் தெரு. நிம்மதியா தூங்கணும்னா திருச்சானூர். சண்டை போடணும்னா மட்டும்தான் இங்க ஸ்டேஷன்கிட்ட ரூம் எடுக்கணும்."

"கபில தீர்த்தம் ரோடு," என்றாள் கன்னியம்மாள்.

"அங்க ஏமுந்தி மா, என்னா இருக்குது? வேற நல்ல ரூம் நான் காட்றேன்."

"நீ ஓட்டு நைனா. அங்க எங்க ரூம் இருக்குது."

ஹரிதா ஆட்டோவில் ஏறினாள். கபில தீர்த்தம் ரோட்டு விடுதியின் ஃபோன் எண் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை. கைப்பேசி வரைபடத்தில் அதன் பெயருக்குக் கீழே நிரந்தரமாக மூடப்பட்டது என்று வந்தது. வரைபடங்கள் தப்பாகவும் இருக்கும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நகரியிலிருந்து திருப்பதி இரண்டு மணி நேரம்கூட இல்லை. அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது பழகிய மலை, தெரியாத ஊர். விடிகாலையில் பஸ் ஏறி, மேலே போய், சாமி பார்த்து, இரவுக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். கீழே இருக்கும் ஊரில் எந்தத் தெரு எங்கே போகிறது என்று யாரும் கவனித்ததில்லை. ஹரிதாவின் அப்பா கோவர்த்தனனும் அப்படித்தான். விசைத்தறி ஓட்டுகிறவர். 2018இல் ஹரிதாவுக்கு வங்கித் தேர்வு, மையம் திருப்பதியில், ஞாயிறு காலை. முதல்நாளே போய்த் தங்கிவிடலாம் என்றும், மகளும் மனைவியும் அறையில் இருக்க, தான் படியேறிப் போய் மகளுக்காக வேண்டிக்கொண்ட மொட்டையைப் போட்டுவிட்டு வந்துவிடுவதாகவும் அவர் திட்டம் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார். ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் லாட்ஜ். அதற்கு அவர் சொன்ன காரணம், எங்கே சுற்றினாலும் ஸ்டேஷன் எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள் என்பது.

அறையில் ஜன்னலைத் திறந்தால் ரயில் அறிவிப்பு உள்ளே வந்தது. மூன்று மொழியில் மாறி மாறி வந்தது. ஹரிதா புத்தகத்தை மூடிவிட்டு, "நீ எடுத்த ரூம்ல மனுசன் இருப்பானா நைனா?" என்றாள். அவர் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். சிரித்தார். "ஒருநாளுதானே மே. நான் இருட்றதுக்குள்ள வந்துடுவேன். ஆளாளுக்கு ஒரு பக்கமா தப்பிட்டா, தேடிக்கினு அலையக் கூடாது. எல்லாரும் நேரா இந்த ரூமுக்கு வந்துடணும். புரிஞ்சுதா?" மலையில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், தொலைந்துபோகும் என்று சொல்லி அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மனைவியின் எண்ணோ மகளின் எண்ணோ அவருக்கு மனப்பாடமாகத் தெரியாது. எல்லாம் அந்தக் கைப்பேசிக்குள்தான் இருந்தன.

பத்து மணிக்கு ஹரிதா வேறு பகுதியில் ஓர் அறையைத் தேடி எடுத்தாள். கபில தீர்த்தம் ரோட்டில் ஒரு சந்துக்குள் இருந்த விடுதி. அமைதியான இடம் என்று நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். கன்னியம்மாள் பைகளோடு ஆட்டோவில் உட்கார்ந்திருக்க, சாவியைக் கொடுக்கவும், "நைனா வந்தா இந்த விலாசத்துக்கு அனுப்புங்க" என்று சொல்லவும் ஹரிதா உள்ளே போனாள். அப்போதுதான் ஒரு ரயில் வந்திருந்தது. கவுண்டரை இருபது பேர் மொய்த்திருந்தார்கள். சாவியைக் கொடுத்தாள். ரசீதில் கையெழுத்துப் போட்டாள். பின்னாலிருந்து யாரோ முழங்கையால் தள்ளினார்கள். வெளியே வந்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேன்."

புது அறைக்குப் போனதும் லாட்ஜுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள். புது அறை உண்மையிலேயே அமைதியாக இருந்தது. அவள் புத்தகத்தைத் திறந்தாள்.

இரவு அவர் வரவில்லை. கூட்டம் இருக்கும், வரிசையில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். காலையில் ஹரிதா தேர்வுக்குப் போனாள். நன்றாகவே எழுதினாள். அதில் தேறித்தான் இப்போது புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காக இருக்கிறாள்.

போலீஸ் கேட்ட புகைப்படத்தில் கோவர்த்தனனுக்குச் சுருட்டை முடி, தடித்த மீசை. மொட்டை போட்ட பிறகு அவரை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நகரியில் ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி, கம்ப்யூட்டரில் முடியையும் மீசையையும் எடுத்து ஒரு படம் தயார் செய்தார்கள். அதைப் பார்த்த கன்னியம்மாள், "இது யாரு?" என்றாள். பிறகு அதையே அச்சடித்து ஒட்டினார்கள். திருப்பதித் தெருவில் நடக்கிற ஆண்களில் மூன்றில் ஒருவர் மொட்டை, சந்தனம் பூசிய தலை. முதல் இரண்டு வருடம் கன்னியம்மாள் ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஓடினாள். பிறகு ஓடுவதை விட்டுவிட்டாள். பார்ப்பதை விடவில்லை. இன்றும் ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் ஆட்டோவின் இரண்டு பக்கமும் அவள் முகம் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டோ சந்துக்குள் நின்றது. விடுதி இருந்த இடத்தில் நீலத் தகரம் அடைத்திருந்தார்கள். தகரத்துக்கு மேலே வானம் தெரிந்தது. பக்கத்துக் கட்டடத்தின் சுவரில், இடிக்கப்பட்ட மாடியின் குளியலறை ஓடுகள் மட்டும் மூன்று அடுக்காக ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது அடுக்கில் இருந்த பச்சை ஓடு அவர்களுடைய அறையின் ஓடு.

"சொன்னேனே மா," என்றான் கிரண்குமார். அவன் சொல்லியிருக்கவில்லை.

கன்னியம்மாள் இறங்கி, கட்டைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு தகரத்தின் முன்னால் நின்றாள். சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த காவல்காரர் எழுந்து வந்தார். அப்பாவு என்று பெயர், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் பாலசமுத்திரத்து ஆள். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரி கட்டப்போகிறார்கள் என்றார்.

"அண்ணே, ஒரு ஒத்தாச பண்ணு," என்றாள் கன்னியம்மாள். "மொட்ட அடிச்சவரு ஒருத்தர் இங்க வருவாரு. உசரமா இருப்பாரு. எங்க வூட்டுக்காரரு."

"மொட்ட அடிச்சவரா? இந்த ஊர்ல மொட்ட அடிக்காதவன தேடுனா சுளுவா கண்டுபுடிச்சுடலாம் மா," என்று சிரித்த அப்பாவு, அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எப்ப போனாரு?"

"ஆறு வருசம் ஆச்சு. ரூமு இங்க மாத்தினது அவருக்குத் தெரியும். எம்பொண்ணு அங்கயே சொல்லிட்டுத்தான் வந்துச்சு. அதனால இங்கதான் வருவாரு. வந்தாருன்னா, எதுத்தாப்புல அந்த ஓட்டல்ல இருக்கறாங்கன்னு சொல்லு. நாளைக்குப் போய்ட்டோம்னா, நகரிக்கு வந்துடச் சொல்லு. கன்னியம்மான்னு சொல்லு. எங்க, ஒருதபா திருப்பிச் சொல்லு பாக்கலாம்."

அப்பாவு திருப்பிச் சொன்னார். ஓட்டல் என்பதற்குப் பதிலாக வீடு என்றார். அவள் திருத்தினாள். மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனைப்போல மூன்றாவது தடவையும் சொன்னார். மொத்தம் அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஹரிதா அந்த அரை நிமிடத்தை முழுவதும் கேட்டாள்.

"அம்மா," என்றாள். "நான் சொல்லல."

"இன்னா சொல்லல?"

"அந்த லாட்ஜ்ல. நைனா வந்தா இங்க அனுப்புங்கன்னு. கும்பலா இருந்துச்சு. சாவி மட்டும் குட்த்துட்டு வந்துட்டேன். உங்கிட்ட சொல்லிட்டேன்னு பொய் சொன்னேன்."

கன்னியம்மாள் அவளையே பார்த்தாள். அப்பாவு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மூட்டைப் பக்கம் நகர்ந்தார். ஹரிதா நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் இன்னும் ஆறு வருடம் ஆகிவிடும்போல இருந்தது. காணாமல்போன மூன்றாம் நாள், அம்மா போலீஸ் ஸ்டேஷனில் இருந்தபோது, அவள் தனியாக அந்த லாட்ஜுக்குப் போனாள். முன்பு விசாரித்தபோது பகல் ஆள்தான் இருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேமரா இருந்தது, ஓடவில்லை. அன்று சாயங்காலம் இருந்தவனுக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஒரு மொட்டை வந்தார், பதினாலாம் நம்பர் என்றார், காலி பண்ணிவிட்டார்கள் என்று சொன்னேன், ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்களா என்று கேட்டார், இல்லை என்றேன், என்றான் அவன். அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பத்து மணிக்கு ஷட்டர் போடும்போது எழுந்து போனார், என்றான்.

சந்தின் முனையில் யாரோ கோவிந்தா என்று குரல் எழுப்ப, பத்துப் பதினைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. கன்னியம்மாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் அவள் திரும்பிப் பார்க்காத முதல் கும்பல் அது.

அடிப்பாள், கத்துவாள், தரையில் உட்கார்ந்துவிடுவாள் என்று ஹரிதா ஒவ்வொரு விதமாகவும் பல தடவை நினைத்து வைத்திருந்தாள். கன்னியம்மாள் கேட்டது இது:

"மொட்ட எப்டி இருந்துச்சாம்?"

"அம்மா..."

"கேட்டியா, கேக்கலியா?"

"சந்தனம் பூசிக்கினு இருந்தாராம். காதுகிட்ட கத்தி பட்டு கொஞ்சம் ரத்தமாம்."

"எந்தக் காது?"

ஹரிதாவுக்குத் தெரியவில்லை.

"ரெண்டரை மணி நேரம் குந்திக்கினு இருந்தாரு," என்றாள் கன்னியம்மாள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. "எதுனா துன்னாராமா?"

"லட்டு வெச்சிருந்தாராம். பிரிக்கலியாம்."

"எனக்கு எட்த்தாந்திருப்பாரு." பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீ எடுத்த ரூம்ல மனுசன் இருப்பானான்னு காலைல கேட்டியே. அத நெனச்சிக்கினே குந்தி இருப்பாரு."

அந்த ஒரு வாக்கியத்தை அம்மா மறந்துவிட்டாள் என்று ஹரிதா ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் அதற்குள் ஆட்டோவில் ஏறியிருந்தாள். மகள் உட்காருவதற்கு நகர்ந்து இடம் விட்டாள், ஆனால் நடுவில் கட்டைப்பையை வைத்துக்கொண்டாள்.

"எக்கடிக்கி மா?" என்றான் கிரண்குமார், குரலைத் தாழ்த்தி. "திருச்சானூர் போலாமா? நல்ல ஏரியா. சத்தமே இருக்காது."

"ஸ்டேசனுக்கு," என்றாள் கன்னியம்மாள்.

ஸ்டேஷன் லாட்ஜின் முகப்பில் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மர பெஞ்ச் இல்லை. அந்த இடத்தில் ஒன்றோடொன்று இணைத்த மூன்று இரும்பு நாற்காலிகள். கவுண்டரில் இருந்தவனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது, அந்த வருடம் அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். கன்னியம்மாள் நடுநாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்க்கவில்லை. அங்கிருந்து என்னென்ன தெரிகிறது என்று பார்த்தாள். சாவிகள் தொங்கும் பலகை, மாடிப்படியின் முதல் ஐந்து படிகள், வாசல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிலையத்தின் கடிகாரம். ஜனங்கள் உள்ளே வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவளைத் தாண்டித்தான் எல்லோரும் போக வேண்டியிருந்தது.

பதினாலாம் எண் காலியாக இருந்தது. அவன் ஆதார் அட்டைகளைக் கேட்டான். ஹரிதா இரண்டைக் கொடுத்தாள்.

"எத்தன பேரு?"

ஹரிதா திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"மூணு," என்றாள் கன்னியம்மாள், நாற்காலியிலிருந்தே.

"ரெண்டு கார்டுதானே மா இருக்கு?"

"ஒருத்தர் பின்னால வராரு."

பதிவேட்டில் கன்னியம்மாள், வயது 55, நகரி, சித்தூர் மாவட்டம், மூன்று பேர் என்று எழுதப்பட்டது. மூன்று தலையணைகள் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேர் அறையைக் காலி செய்தார்கள். கவுண்டரில் கூட்டம் இருந்தது. ஹரிதா கூட்டம் குறையும் வரை நின்று, நகரி வீட்டின் விலாசத்தையும் இரண்டு ஃபோன் நம்பர்களையும் சொன்னாள். கவுண்டரில் இருந்தவன் எழுதிக்கொண்டான்.