லோடு ஏத்தவா, ஆள் ஏத்தவா

விமானம் ஓட்டப் படித்தவனுக்கு ஊரில் என்ன மரியாதை என்று பெனினைக் கேட்டால் தெரியும். ராஜபாளையத்தில் அவனை நிறுத்தி, "தம்பி, நம்ம ஊருக்கு மேல போகும்போது கொஞ்சம் தாழ்வாப் போயேன்" என்று கேட்காத ஆள் இல்லை. அவனும் சரி சரியென்று தலையாட்டிவிட்டு வருவான். அதோடு அவன் பேச்சு முடிந்தது. நாலு பேர் சேர்ந்தாற்போல் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், பாவிக்கு நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்து நின்றது. ஒன்று பயணிகள் விமானம், இன்னொன்று சரக்கு ஏற்றிப் போகிற கார்கோ விமானம். இரண்டிலும் துணை விமானிதான். எதை எடுக்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

உள்ளுக்குள் அவன் ஏங்கியது பயணிகள் விமானத்துக்குத்தான். ஆனால் அதில் ஒரு சனியன் இருந்தது. மைக்கைப் பிடித்துப் பயணிகளிடம் பேச வேண்டும். ஒரு வாரமாகக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சோப்பு டப்பாவை வாய்க்கு நேரே பிடித்து ஒத்திகை பார்த்தான். "அன்பான பயணிகளே" வரைக்கும் ஜோராக வரும். அதற்கு மேல் வண்டி கிளம்பாது. நடுவானில் இன்ஜின் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற மகராசனுக்கு, வெளியே வெயில் அடிக்கிறது என்று நாலு பேரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே கார்கோ என்று முடிவு செய்தான். பயமென்று வெளியே சொல்ல முடியுமா? "இனிமே கார்கோலதாம்ப்பா எதிர்காலம்" என்று அப்பா பால்துரையிடம் அளந்துவிட்டான். பால்துரை லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். சுற்றுவட்டாரத்தில் நெய்கிற பேண்டேஜ் துணியில் பாதி அவர் பிடித்துக்கொடுக்கும் லாரிகளில்தான் வெளியூர் போகிறது. மனுஷன் அன்றைக்கே டிரைவர்கள் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "எம் மவனும் நம்ம லைன்தான்" என்று சொல்லி மகிழ்ந்தார். அம்மா அன்னாள்தான், "பைலட்டுக்குப் படிக்க வச்சு லாரிக்கு அனுப்பியாச்சு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அதே ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கவும் போனார்கள். பெண் வின்சி, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா ஞானபாக்கியம் டீச்சர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் காபிக்கு முன்னால் ஜெபம். அதையும் வந்திருக்கிற மாப்பிள்ளைதான் பண்ண வேண்டும்.

"தம்பி, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்றார் டீச்சர். கூடத்தில் இருந்த உறவுக்காரத் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் குனிந்தன.

பெனின் நாற்காலி நுனிக்கு வந்தான். வாயைத் திறந்தான். ஒரு வாரமாக எதைப் பழக்கி வைத்திருந்தானோ அதுதான் வந்தது.

"அன்பான பயணிகளே" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெபத்தில் சிரிக்கிற குடும்பமில்லை அது. அன்னாள் மட்டும் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"மேல சொல்லுங்க தம்பி" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமலே. அவன் ஆமென் சொல்லாமல் ஒருத்தரும் நிமிர மாட்டார்கள், காபியும் வராது. தப்பி ஓட வழியே இல்லை. ஆனால் இத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூடத் தன்னைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆண்டவரே, மன்னியும். எனக்கு ஆளுக முன்னாடி பேசப் பயம். அதுக்குப் பயந்துதான் கார்கோவுக்குப் போறேன்னேன். பெட்டிகளுக்குக் காது இல்ல, ஒளறுனாலும் சிரிக்காது. எதிர்காலம் அது இதுன்னு எங்க அப்பாட்ட அளந்து விட்டேன். எனக்கு ஆசையெல்லாம் ஆளுகள ஏத்திட்டுப் போகத்தான். இங்கனயும் பயந்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். வின்சியப் பிடிச்சிருக்கு, அதச் சொல்லவும் பயம். ஆமென்."

எல்லோரும் ஆமென் என்றார்கள், கொஞ்சம் சத்தமாகவே.

காபி நீட்டிய வின்சி, "பயணிகளேன்னதும் நான் சீட் பெல்ட்டத் தேடுனேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "பொறவு நல்லாத்தான் பேசுனீங்க."

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அன்னாளுக்கு வாயெல்லாம் பல்; கார் கிளம்பியதுமே பின் சீட்டில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்துவிட்டாள். காரை ஓட்டிய பால்துரை மட்டும், ராஜபாளையம் ரோட்டில் எதிரே வந்த லாரி டிரைவர்கள் கை காட்டியதற்குக்கூடப் பதிலுக்குக் கை தூக்கவில்லை. ஏன் என்று பெனினுக்குத் தெரியும். பாழும் வாய், ஒரு வருஷத்துப் பேச்சை ஒரே ஜெபத்தில் கொட்டித் தொலைத்துவிட்டது.

"அப்பா, நான் கார்கோவே எடுத்துக்கறேம்ப்பா" என்றான்.

"வேணாம்லே." பால்துரை ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். "கொரோனாவுல ஊரே கதவச் சாத்திட்டுக் கெடந்துச்சு. டிரைவர் ஒருத்தனும் வரல. நானே லாரிய ஓட்டிட்டுப் போயி மதுரை ஆஸ்பத்திரில பேண்டேஜ் லோடு எறக்கிட்டு வந்தேன். பெட்டிக்குக் காது இல்லதான். அதுக்குக் காத்துக் கெடக்கவனுக்கு உசுரு இருக்குல்ல? பயந்தவன் வந்து ஒதுங்குறதுக்கு எங்க லைன் என்ன பஸ் ஸ்டாப்பா? நீ ஆளுகளையே ஏத்து."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட பெனின் தாங்கியிருப்பான். சாதாரணமாகச் சொன்னார், அதுதான் சுருக்கென்று இருந்தது. செல்போனை எடுத்துக் காரிலேயே பதிலை அனுப்பினான்.

மகனுக்குப் பயணிகள் விமானம் என்று அன்னாள் அன்றிரவே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஊரும் மெச்சிக்கொண்டது. கார்கோவுக்கு அவன் தேறவில்லை என்பது அவனுக்கும் பால்துரைக்கும் மட்டும்தான் தெரியும்.