விளக்கேந்தியவளின் இடது கண்

வீட்டில் அவளுக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். ஆயுசில் பாதியைத் தையல் மெஷினில் கழித்தவள் என்பது ஒரு காரணம், நாக்கு இன்னொரு காரணம். யார் சட்டையிலாவது நூல் தொங்கினால் அவள் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் முதுகிலிருந்து நூலைப் பிடுங்கி, அவர் திரும்பி முறைத்ததும் உண்டு.

மருமகளுக்கு மலையூர் மடத்தில் வேலை. பழைய சுவர் ஓவியங்களைச் சுத்தம் செய்து, உதிராமல் காப்பாற்றுகிற வேலை. கல்யாணம் பேசி முடித்த அன்று கத்திரி, "சுவர் சுரண்டறதுக்கா இத்தனை படிப்பு?" என்று யாரிடமோ சொல்லப்போக, அது கால் முளைத்து மருமகள் காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் "சாப்டீங்களா?", "சாப்டேன்" என்பதைத் தாண்டிப் பேச்சே இல்லை. போன வாரம் மருமகளே போன் செய்து, "ஊரையும் பாருங்க, என் வேலையையும் வந்து பாருங்க அத்தை" என்றபோது கத்திரி அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள். இந்தத் தடவை வாயைக் கட்டிக்கொள்வது என்று சபதம் செய்துகொண்டுதான் கிளம்பினாள். கையையும் கட்ட வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மகன் ஆபீசுக்குப் போய்விட்டதால் மருமகள்தான் கத்திரியையும் அவள் கணவரையும் மேலே மடத்துக்கு அழைத்துப் போனாள். தெரு எது, படிக்கட்டு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஊர். ஒரு வீட்டு வாசல் இன்னொரு வீட்டுக் கூரைக்கு நேராக இருந்தது. மூட்டுவலிக்காரரான கணவர் மடத்து வாசலில் பெஞ்சைக் கண்டதும், "நீங்க போங்க, உள்ள இருக்கறவங்க என்னைத் தேடவா போறாங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே குளிர். ஒரே ஒரு ஜன்னல். சுவர் நெடுக, கையில் விளக்கேந்திய பெண்கள் ஒரு துறவியை நோக்கி வரிசையாகப் போகிறார்கள். நீலத்துக்கு எந்தக் கல்லை அரைத்தார்கள், எந்தப் பெண் புகை படிந்து கருத்துக்கிடந்தாள் என்று மருமகள் ஒவ்வொருத்தியாகக் காட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் வாட்ச்மேன் கூப்பிட, "இதோ வந்துடறேன்" என்று வெளியே போனாள்.

வரிசையின் கடைசிப் பெண்ணின் முகத்தில் துண்டு துண்டாக மெல்லிய வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது, சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்ட ஆள் மாதிரி. இவ்வளவு லட்சணமான முகத்தை இப்படியா வைப்பது என்று கத்திரிக்குப் பாவமாக இருந்தது. இடது கண் மேல் இருந்த துண்டின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான், கை நீண்டுவிட்டது. காகிதம் சத்தமே இல்லாமல் கையோடு வந்தது. கண்ணும் அதோடு வந்தது.

சுவரில் கண் இருந்த இடத்தில் இப்போது வெறும் சுண்ணாம்பு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தை அதற்குள் வைத்து மூடிவிட்டாள்.

"இவகிட்ட மட்டும் நெருங்கிடாதீங்க அத்தை," என்றாள் மருமகள் வந்ததும். "பெயிண்ட் செதில் செதிலாத் தூக்கிட்டு நிக்குது. இந்தக் காகிதம்தான் பிடிச்சு வச்சிருக்கு. மத்தியானம் எங்க மேடம் வந்ததும் பின்னால பசை ஏத்தி சுவரோட ஒட்டப்போறோம். எத்தனை மாசமா இதுக்குத்தான் காத்திருக்கேன் தெரியுமா?"

கத்திரி கடைசிப் பெண்ணை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கேம்மா," என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை.

"நெஜமாவா அத்தை?" மருமகளின் முகம் மலர்ந்துபோனது. அந்த முகத்தைக் கத்திரியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு மருமகள் மணிக்கூண்டைக் காட்டினாள், கோட்டை வாசலைக் காட்டினாள், எவனோ ஒரு சிற்பி பாதியில் விட்டுப்போன கல் சிங்கத்தைக் காட்டினாள். எதுவும் கத்திரியின் மண்டையில் ஏறவில்லை. கைப்பையைப் பச்சைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். படி இறங்கும்போதெல்லாம் உள்ளே கூடு லொடக் லொடக்கென்றது. ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோதும் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மருமகள் கை கழுவப் போன நேரத்தில் கணவரிடம் விஷயத்தைக் கொட்டினாள்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு நெனச்சுப்பாங்க," என்றார் அவர். "அந்தா இருக்கு பள்ளம். வீசிட்டு வா."

"ஏங்க, அவ கண்ணுங்க அது!"

"சொல்லித்தான் பாரேன். ஆகாத மாமியா வேணும்னே செஞ்சுட்டான்னுதான் நெனைப்பா. நானா இருந்தா நானும் அப்படித்தான் நெனைப்பேன்."

அதுதான் கத்திரியின் பயமும். கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் கூட்டைத் திறந்தாள். காகிதத்தின் ஊடே அந்தக் கண் அவளைப் பார்த்தது. கூட்டின் அடியில் கொஞ்சம் நீலத் தூள் கிடந்தது. விரலால் தொட்டாள், ஒட்டிக்கொண்டது. ஐயோ என்று மூடிவிட்டாள். வீசவும் மனம் வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. ஊரையே நறுக்குகிற வாய் அன்றைக்கென்று பார்த்து மடங்கிக்கொண்டது.

அவர்கள் மடத்துக்குத் திரும்பியபோது மேடம் கையில் விளக்கோடு கடைசிப் பெண் முன்னால் நின்றிருந்தார்.

"இங்க இருந்த துண்டு எங்க?"

மருமகள் சுவரைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. திரும்பி மாமியாரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மேடம் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் தப்புதான் மேடம். காலையில பிடிப்பு சரியா இருக்கான்னு பாக்கும்போது நான்தான் அசைச்சிருப்பேன்."

"எடுத்து வச்சியா?"

"தெரியல மேடம்."

"கண்ணைத் தொலைச்சுட்டு தெரியலங்கற. போதும். இனிமே இந்தச் சுவர்ல நீ கை வைக்க வேண்டாம். கூடத்துச் சாவியைக் குடு."

மருமகள் சாவிக்காகப் பையைத் துழாவினாள். கணவர் கத்திரியை முழங்கையால் இடித்தார், சும்மா இரு என்று. கத்திரிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எல்லாம் தன் மேல்தான்.

"அவ இல்லைங்க. நான்." கூட்டைத் திறந்து நீட்டினாள். "ஓரம் தூக்கிட்டு இருந்துச்சு. தெரியாம உரிச்சுட்டேன்."

மேடம் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு ஓடினார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மடிக்கல, நல்லவேளை. திரும்ப ஒட்டலாம். ஆனா மூக்கோரம் பூரா ஆட்டத்துல உதிர்ந்துபோச்சு. அது போனது போனதுதான்."

"எப்போ எடுத்தீங்க அத்தை?" என்றாள் மருமகள்.

"காலையில. நீ வாட்ச்மேனப் பாக்கப் போனப்போ."

"நான் திரும்பி வந்ததுமே குடுத்திருந்தா முழுசா இருந்திருக்கும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கத்திரிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "வேணும்னே செஞ்சேன்னு நீ நெனைப்பியோன்னு..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. உரித்தது ஒரு நொடிதான். உதிர்த்தது இத்தனை நேரத்துப் பயம்.

மருமகளின் பார்வை கத்திரியின் வலது கையில் நின்றிருந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் நீலம் ஒட்டியிருந்தது.

"கையை உதறிடாதீங்க!" என்று ஓடிவந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விளக்குக்குக் கீழே அத்தையை உட்கார வைத்தாள். விரலடியில் வெள்ளைத் தாளை விரித்தாள். மயிரிழைத் தூரிகையை எடுத்து, விரல் ரேகைக்குள் இருந்த தூளை ஒவ்வொரு மணியாகத் தள்ள ஆரம்பித்தாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு அவள் கத்திரியின் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"பேசாதீங்க அத்தை," என்றாள் நிமிராமலே. "மூச்சுக் காத்து பட்டாக்கூடப் பறந்துடும்."

கத்திரி வாயை இறுக மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாளில் விழுந்துவிடுமோ என்று பயந்து, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.