ஒரே எண்ணில் இரண்டு பேர்

மண்சரிவில் தொலைபேசிக் கம்பி அறுந்து இரண்டு நாளாகியிருந்தது. தலவாக்கலைக்கு மேலே, தோட்டங்களுக்கு நடுவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஊர்மிளாவுக்குப் பதிவு வேலை. அவள் கணினியில் ஏற்றும் நோயாளி விவரமெல்லாம் அந்தக் கம்பி வழியே நுவரெலியாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கும் பதியும். அங்கே ஏற்றுவது இங்கே வரும். கம்பி அறுந்தாலும் நோயாளிகள் வருவது நிற்குமா? அவள்பாட்டுக்கு இங்கே ஏற்றினாள், அவர்கள்பாட்டுக்கு அங்கே ஏற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு லைன் திரும்பியது. பதிவுகளை இரு பக்கமும் சேர்க்கும் நகலெடுப்பு மட்டும் நின்றே கிடந்தது. ‘இந்த எண் ஏற்கெனவே உள்ளது’ என்று திரையில் ஒரு பிழை. அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்த சுகிர்தனைக் கொழும்பில் பிடித்தாள்.

“ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ,” என்றான் அவன். “அந்த ஒரு பதிவைத் தாண்டச் சொல்லிக் கட்டளை குடுங்கோ. மிச்சம் தானா ஓடும்.”

போனை வைத்துவிட்டு, அதே லைனில் கணினியை இணைத்துத் தாண்டவிட்டாள். கொஞ்சம் ஓடி நின்றது. மறுபடி தாண்டினாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு தடையில்லாமல் ஓடியது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

எதைத் தாண்டினோம் என்று குறித்து வைக்கத்தான் பிழைப் பட்டியலைத் திறந்தாள். முதல் வரி: 4172, வேலாயி.

அப்போதுதான் உறைத்தது. லைன் இல்லாத இரண்டு நாளில் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு கணினிகளும் அடுத்தடுத்த எண்ணைத் தாமே கொடுத்திருக்கின்றன; இங்கே புதியவர்கள் மூன்று பேர்தான். இங்கே 4172 வேலாயி என்றால், நுவரெலியாவில் 4172 வேறு யாரோ. தாண்டியதால் வேலாயியின் பதிவு அங்கே போகவே இல்லை.

ஞாயிறன்று காலில் வெட்டுக்காயத்தோடு வந்த வேலாயிக்குப் பெனிசிலின் போட்டதும் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. டாக்டர் துரைராசா பக்கத்தில் நின்று காப்பாற்றி, வார்டில் படுக்கவைத்தார். “இதை மறக்காமல் ஏத்திவிடும், பிள்ளை,” என்றார். அவளும் ஏற்றினாள்.

“செல்லசாமியண்ணே, வேலாயியக்கா எங்க?” என்று சிற்றூழியரைக் கேட்டாள்.

“காலையில காய்ச்சல்ல நெனவு தப்பிருச்சும்மா. டாக்டரும் கண்டிக்குப் போயிட்டாரு. அட்டைய மட்டும் குடுத்து ஆம்புலன்ஸ்ல நுவரெலியாவுக்கு அனுப்பிட்டேன். இந்நேரம் போய்ச் சேந்திருக்கும்.”

அட்டையில் பேரும் 4172 என்ற எண்ணும் மட்டுமே. அந்த எண்ணை அங்கே அடித்தால் வேறொருவரின் பதிவு வரும். ஒவ்வாமை என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். நினைவில்லாதவள் வாய்திறந்து சொல்லப் போவதுமில்லை.

ஆஸ்பத்திரிக்கு இருந்ததே ஒரு லைன். நகல் பாதிதான் போயிருந்தது. நடுவில் அறுத்தால் இன்னும் என்னென்ன குழம்புமோ.  இருந்தும் கணினியிலிருந்து கம்பியைப் பிடுங்கிப் போனில் மாட்டினாள்.

அவசரத்தில் முதல் தடவை எண்ணைத் தவறாக அழுத்தினாள். இரண்டாவது தடவை நுவரெலியா வார்டில் ஒரு சிங்கள நர்ஸ் எடுத்தாள். ஊர்மிளாவுக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம்தான். “பெனிசிலின் தெண்ட எபா, மிஸ். வேலாயிட்ட தெண்ட எபா,” கொடுக்காதீர்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுமுனையில் ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். ஓடும் காலடி. அப்புறம் ஒன்றுமில்லை.

செல்லசாமி கதவருகே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

நர்ஸ் திரும்பி வந்தாள். ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டதாம், போடவில்லையாம். திரையில் பேர் மாறித்தான் இருந்தது, கணினிக் கோளாறு என்று நினைத்தார்களாம். வேறு மருந்து கொடுக்கிறோம் என்று வைத்துவிட்டாள்.

ஊர்மிளா பிழைப் பட்டியலுக்குத் திரும்பினாள். தாண்டியதில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

சுகிர்தனை மறுபடி போனில் பிடித்து நடந்ததைச் சொன்னாள். “நான் பாக்காமல் சொல்லியிருக்கக் கூடாது,” என்றான். பிறகு இருவருமாக அந்த மூன்று பேருக்கும் புது எண் கொடுத்தார்கள். லைனை இணைத்ததும் நகல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூவரும் புது எண்ணில் போய்ச் சேர்ந்தார்கள். ‘சரியாக ஓடுகிறது’ என்றது திரை.

அவள் அதை நம்பவில்லை. நுவரெலியாப் பதிவறைக்குப் போன் போட்டு, இரண்டு நாளில் வந்த அறுபத்தெட்டுப் பேரையும் எண்ணோடு ஒவ்வொருவராக வாசித்து, அங்கிருந்தவரைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். வீட்டுக்குப் போகும் நாலரை மணி பஸ் அவளை விட்டுவிட்டே போனது.