கூட வருபவருக்கு இலவசம்

மாமா ஏலக்காயைக் கடித்துத் துப்பிவிட்டு பிரியாணிச் சட்டியை மாமியின் பக்கம் தள்ளினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி வச்சுக்க. கப்பல்ல மூணு வேளையும் சோறு போடுவான். வெறும் வயித்தோட பஸ் ஏறிட்டு வாந்தி வரலன்னு சொன்னா அது ஒரு டெஸ்ட்டா?"

மாமி மறுபேச்சில்லாமல் வைத்துக்கொண்டார். காலை ஒன்பது மணிக்குப் பிரியாணி என்றால் நல்ல வயிற்றுக்காரருக்கே திகட்டும். முந்தின நாள் மீந்ததைச் சூடுபண்ணிப் போட்டது நான்தான். மாமி ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினார். என் கணவர் வசீம் எதிரே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். பெற்ற அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று வந்த புதிதில் நானும் எதிர்பார்த்தேன். இரண்டு வருஷத்தில் அதை விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கிரெடிட் கார்டு. வசீம் திண்டிவனத்தில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறார். கார்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கச் சொல்லி மாதாமாதம் நெருக்குவார்கள். போன வாரம் ஒரு புதுக் கார்டின் விவரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு கப்பல் கம்பெனியோடு சேர்ந்து விடுகிற கார்டாம். தேய்க்கத் தேய்க்கப் பாயிண்ட் சேரும். அதோடு, சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் வருஷத்துக்கு ஒரு தடவை கார்டுக்காரர் வீட்டில் ஒருவர் டிக்கெட் எடுத்தால் கூட வருபவருக்கு இலவசம். கடல்மேல் நான்கு ராத்திரி.

மாமா, அதாவது ஜான் பாஷா, பஜாரில் பைப், மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரு வாஷர் வாங்கினாலும் மூன்று தரம் திருப்பிப் பார்க்கிற மனிதர். மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிற பணத்தை இந்தக் கார்டில் தேய்த்தாலே பாயிண்ட் குவிந்துவிடும் என்று மகன் ஆசை காட்டினார். மாமா மசியவில்லை. வருஷக் கட்டணம் எவ்வளவு, எதற்குமேல் செலவழித்தால் அதைத் தள்ளுபடி செய்வான், பாயிண்ட் எப்போது செத்துப்போகும் என்று துளைத்தெடுத்துவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார். கப்பலில் ஒற்றை ஆளாகப் போனாலும் அறைக்கு இரண்டு பேர் கட்டணம் வாங்குகிறான். கூட ஓர் ஆள் போனால்தான் இந்தக் கார்டு லாபம். இல்லாவிட்டால் தண்டம்.

"கூட யாரு வருவா?" என்று மாமா மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தபோதுதான் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"நான் வரேங்க."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். மாமி எதையும் தனக்கென்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. பெயர் அசீசுன்னிசா. பிறந்து வளர்ந்தது மரக்காணத்தில், கடலுக்குப் பக்கத்தில். கட்டிக் கொடுத்தது செஞ்சியில். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான். "மேல்தட்டுல நின்னா நாலாப் பக்கமும் தண்ணியாத்தான் இருக்குமாமே?" என்று சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டவர்போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "திண்டிவனம் போறதுக்குள்ள பஸ்ஸ கழுவ வைக்கிறவ நீ. உன்ன கப்பல்ல ஏத்துனா அந்தக் கேப்டன் என்னையத் தூக்கிக் கடல்ல போட்டுடுவான்." வசீம் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

மாமியின் வாந்தி எங்கள் சொந்தபந்தத்தில் பிரசித்தம். கல்யாணத்தன்று மாப்பிள்ளையோடு ஏறிய காரிலேயே எடுத்தாராம். அன்றிலிருந்து பஸ்ஸோ வேனோ, மாமாவோடு எங்கே கிளம்பினாலும் அதே கதைதான். வாந்தி எடுக்கிறவளைத் தனியாக எப்படி அனுப்புவது என்று தனியாக எங்கேயும் அனுப்பியதும் இல்லை. விருந்துகளில் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பதில் மாமா பெயரெடுத்தவர். அவருக்கு ரொம்பப் பிடித்தது மாமியின் அம்மா மௌத்தான அன்று நடந்தது. சேதி வந்து இருவரும் கிளம்பினார்களாம். பஸ் நகர்ந்ததும் வாந்தி. கண்டக்டர் கத்தினான் என்று பாதி வழியில் இறக்கி உட்கார வைத்து, அடுத்த பஸ் பிடித்து, அதிலும் எடுத்து, திரும்பவும் இறங்கி, ஒருவழியாக மரக்காணம் போய்ச் சேர்ந்தால் மையத்தை அடக்கம் செய்து முடித்து எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். "மையத்துக்கே காத்திருந்து காத்திருந்து பொறும போயிடுச்சு" என்று மாமா முடிப்பார். பந்தி முழுக்கச் சிரிக்கும். மாமி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

சிரித்து முடித்து மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, வியாபாரம்னா வியாபாரம். சரக்கு ஓடுதான்னு பாத்துட்டுத்தான் வாங்கணும். ஞாயித்துக்கெழம திண்டிவனம் போயிட்டுத் திரும்பி வா. கடைசி சீட்டு. எலுமிச்சம்பழம், மாத்திர எதுவும் கெடையாது. ஜெஸிமா சாட்சி. வாந்தி வரலன்னா உன் பேரப் போடுறேன். வந்துச்சுன்னா இவங்க ரெண்டு பேரும் போவட்டும்."

சாட்சிக்கு என்னை எடுத்த அழகைப் பாருங்கள். மாமி தோற்றால் கப்பல் எனக்கு. வேண்டாம் என்று சொல்ல நான் ஒன்றும் ஆசை துறந்த அவுலியா இல்லை. கல்யாணமாகி வசீம் என்னைக் கூட்டிப்போன அதிகபட்ச தூரம் புதுச்சேரி. அதுவும் அவருடைய மேனேஜர் வீட்டு வளைகாப்புக்கு.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்ததும் மாமாவே பஸ் ஸ்டாண்டு வரை வந்து எங்களை ஏற்றிவிட்டார். சும்மா ஏற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "இந்தம்மா பக்கத்துல யாரும் உக்காராதீங்க. சொல்லிட்டேன், அப்பறம் என்னக் கேக்கக் கூடாது" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். முன்சீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனாள். மாமி புர்கா முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. கடைசி சீட்டு எப்படித் தூக்கிப் போடும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கே பிரியாணி நெஞ்சுவரை வந்து போனது. மாமி முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, முகத்திரை அசைய ஓதிக்கொண்டே இருந்தார். நங்கிலிகொண்டான் போனது. நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். இதோ, இதோ என்று என் மனசு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால், வரட்டும் என்றுதான் அடித்துக்கொண்டது. ரெட்டணை போனது. கொஞ்ச நேரம் கழித்து மாமி மெதுவாக நிமிர்ந்து முகத்திரையைத் தூக்கினார்.

"தீவனூர் வந்துடுச்சா?"

"தீவனூர் தாண்டியாச்சு மாமி."

"தாண்டிடுச்சா?" அவர் கம்பியிலிருந்து கையை எடுத்து வயிற்றில் வைத்துப் பார்த்தார். பிறகு தொண்டையில். தன் உடம்பில் ஏதோ காணாமல் போய்விட்டதுபோல இருந்தது அவர் தேடியது. காற்று முகத்தில் அடித்தது. வெளியே யாரோ நெல் காயவைத்திருந்தார்கள், அதைக்கூட எனக்குக் காட்டினார். அந்தச் சாலையில் அத்தனை வருஷம் போய் வந்தவர் அதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

திண்டிவனத்தில் இறங்கியதும் மாமி வாழைக்காய் பஜ்ஜி கேட்டார். பிரியாணிமேல் பஜ்ஜியா என்று நான் பயந்தேன். இரண்டு தின்று டீயும் குடித்தார். மரக்காணம் போகிற பஸ் ஒன்று எங்களுக்கு எதிரே நின்றிருந்தது. அது கிளம்பிப் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த சந்தோஷம் எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் தலை குனிந்து உட்கார்ந்துகொண்டார். வாந்தி வருகிறதோ என்று பார்த்தேன். அது இல்லை.

"ஜெஸிமா, எனக்கு வாந்தியே கெடையாதுடி" என்றார்.

"அதான் பாத்தனே மாமி. ஜெயிச்சுட்டீங்க."

"அது இல்ல. நான் அவுரு இல்லாம பஸ்ல ஏறுனது இன்னிக்குத்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஏறி உக்காந்த ஒடனே பிளாஸ்டிக் கவர விரிச்சு என் மூஞ்சிக்கு நேராப் புடிப்பாரு. வரப்போவுது, வரப்போவுதுன்னு எல்லாருக்கும் சொல்லுவாரு. அந்தக் கவரு வாசன, அவரு அத்தரு, மேல வந்து இடிச்சுக்கிட்டு உக்கார்றது. கல்யாணத்தன்னிக்கி கார்லயும் அப்படித்தான் இடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. அதுதான் எனக்குக் கொமட்டும். வண்டி இல்ல."

நான் வெளியே பார்த்தேன்.

"எங்கம்மா மௌத்தன்னிக்கு நான் மட்டும் தனியா ஏறியிருந்தா, மொகத்தப் பாத்திருப்பேன்ல?"

அழவில்லை. கணக்குக் கேட்கிற குரலில்தான் கேட்டார். ரெட்டணை வந்தபோது என் கையைப் பிடித்தார்.

"மாமா கேட்டா நான் வாந்தி எடுத்தேன்னு சொல்லிடு. ரெண்டு தடவ எடுத்தேன்னு சொல்லு. நீயும் வசீமும் போயிட்டு வாங்க. நாலு ராத்திரி அவர்கூட ஒரே ரூம்ல என்னால முடியாதும்மா. அவரு போறதாயிருந்தா அவர மட்டும் அனுப்பிட்டு நான் வீட்ல நிம்மதியாக் கெடப்பேன்."

கசக்குமா எனக்கு? பொய்யும் புண்ணியம், கப்பலும் கிடைக்கும். சரி என்றேன். நல்ல துணிமணி ஏதாவது இருக்கிறதா என்று பீரோவை மனசுக்குள் திறந்துகூடப் பார்த்துவிட்டேன்.

நேராகக் கடைக்குப் போனோம். பனமலையிலிருந்து விநாயகம் என்ற விவசாயி போர்வெல்லுக்குப் பைப் எடுக்க வந்திருந்தார். வசீம் கல்லாவுக்குப் பக்கத்தில் போனை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தைப் பாதி நிரப்பித் தயாராக வைத்திருந்தார்.

"இன்னா சாட்சி, இன்னா ஆச்சு?" என்றார் மாமா.

"ரெண்டு தடவ எடுத்துட்டாங்க மாமா."

நான் முடிப்பதற்குள் மாமா மேசையைத் தட்டிச் சிரித்தார். "நான் சொல்லல? விநாயகம், இந்தக் கூத்தக் கேளு." கூத்து ஆரம்பமானது. பஸ், கண்டக்டர், பாதி வழி இறக்கம் எல்லாம் வந்தது. விநாயகம் பைப்பைக் கீழே வைத்துவிட்டு ரசித்துக் கேட்டார். மாமி கடைப் படியில் நின்றுகொண்டிருந்தார். கதை மரக்காணம் போய்ச் சேர்ந்தது. "மையத்துக்கே காத்திருந்து காத்திருந்து" என்று மாமா தொடங்கினார்.

"நான் வாந்தி எடுக்கல" என்றார் மாமி.

"இன்னா?"

"போவும்போதும் எடுக்கல, வரும்போதும் எடுக்கல. அவ பொய் சொல்றா, நான்தான் சொல்லச் சொன்னேன். எனக்கு வண்டில கொமட்டல. உங்க பக்கத்துல உக்காந்தாத்தான் கொமட்டுது. கல்யாணத்தன்னிலேருந்தே கொமட்டுது."

வசீம் போனிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு விநாயகம் சிரித்துவிட்டார். பாவம், அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. மாமாவைப் பார்த்து ஒருவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பைப்பை அளந்து கட்டி, விநாயகத்திடம் சில்லறை கொடுத்து, வண்டியில் ஏற்றும்வரை நின்று வழியனுப்பினார். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வசீமு, கார்டு போடுடா. கூட வர்றது உங்கம்மா."

"அத்தா, அம்மாதான் இப்ப..."

"கூட ஆள் போனா லாபம்னு நீதான சொன்ன?"

"நான் வரல" என்றார் மாமி.

"அதெப்படி? டெஸ்ட்டுல பாஸாயிட்டியே." மாமா அன்பாகத்தான் சொன்னார். "பஸ்ஸுன்னா நடுவுல எறங்கிக்கலாம். கடல்ல எங்க எறங்குவ? நாலு ராத்திரி கூடவே இருந்தா பழகிடும்."

"மாமி வேணாம்னு சொல்றாங்கல்ல மாமா" என்றேன் நான். என் குரலே எனக்கு ஈனமாகக் கேட்டது.

"நீ பொய் சாட்சி சொன்னவ. கம்முனு இரு."

நான் வசீமைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இந்த மாதத்துக்கு அவருக்கு ஒரு கார்டு குறைந்தது. பெயர், பிறந்த தேதி, உறவுமுறை என்று ஒவ்வொன்றாகத் தட்டினார். மாமாவின் போனுக்கு ஓடிபி வந்தது. மாமா அதைச் சத்தமாக, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.

"கூட வர்றவங்களோட சேந்தாப்ல ஒரு போட்டோ கேக்குது அத்தா. இப்பவே எடுக்கணும்."

"எடு."

மாமா எழுந்துபோய் மாமியின் தோளில் கை போட்டுச் சுவரோரமாக நிறுத்தினார். கன்னத்தோடு கன்னம் படுகிற மாதிரி இழுத்து அணைத்துக்கொண்டார். நான் வசீமுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். இரண்டு முகத்தையும் சுற்றி ஒரு வட்டம் விழுந்து, பச்சையாக மாறப் போய், மறுபடி சிவப்பானது. மாமி உதட்டை இறுக்கி மூடியிருந்தார். கண்ணில் நீர் முட்டி நின்றது. தொண்டை ஏறி இறங்கியது, மறுபடி ஏறியது.

"அசையாதீங்கம்மா" என்றார் வசீம். "ஆடுனா எடுக்க மாட்டேங்குது."

மாமி விழுங்கினார். வட்டம் பச்சையாவதற்காக எல்லோரும் காத்திருந்தோம்.