தரையில் கால் படாமல்

1

ஒரு தாயைப் பார்த்ததில் தொடங்கியது இந்தக் கதை. மருத்துவமனை வாசலில் வாடகைக் காரிலிருந்து இறங்கியவள், ஏழு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே படியேறினாள். சிறுமிக்கு நடப்பதில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் வியாதி உண்டு, விசாரித்தேன். தூங்கி எழும்போது எல்லோருமே சற்று உயரமாக இருக்கிறோமாம். நிற்க நிற்க, நடக்க நடக்க, முதுகெலும்பு அமுங்கி அரை சென்டிமீட்டராவது குறைந்துவிடுமாம். உள்ளே மகளின் உயரத்தை அளக்கப்போகிறார்கள்; அந்த அரையைச் சிந்தாமல் கொண்டுவருகிறாள்.

2

முதல் வரி: "வெளிர்நீலச் சுவர்களுக்கு நடுவே நம்பிக்கை ஒரு..." (அடச்சே.)

"மரபணுக் கோளாறால் உயரம் கூடாத குழந்தைகளுக்கான புதிய ஊசியை..." (செய்தித்தாள்.)

"அவள் அளவெடுக்கும் நர்ஸ்." பரவாயில்லை, இது இருக்கட்டும்.

செய்தித்தாள் வரியிலும் உண்மை இருக்கிறது. ஊசி பலிக்கிறதா என்று பார்க்கும் சோதனை: தினம் ஓர் ஊசி, ஒரு வருடம். பாதிக் குழந்தைகளுக்கு மருந்து, பாதிக் குழந்தைகளுக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. [எனக்கு? நான் நினைத்தால் ஒரே வரியில் உப்புநீரை மருந்தாக்கிவிடலாம். அதனால்தான் கை கூசுகிறது.]

நர்ஸ் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளப்பவள். ஒவ்வொரு குழந்தையையும் மூன்று முறை அளந்து சராசரி எழுதுவாள். அளக்கும்போது பெற்றோர் வெளியே நிற்க வேண்டும்.

3

ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். முதலில் தாயை நெட்டையாக எழுதியிருந்தேன், பரிதாபம் சுலபமாக வரும் என்று. நான் பார்த்த தாய்க்கும் மகளின் அதே குட்டை உடல்வாகுதான். மகளைவிட ஒரு சாண் உயரம், அவ்வளவுதான். கிட்டத்தட்ட தன் அளவே இருந்த பிள்ளையைத்தான் அவள் தூக்கி வந்தாள்.

"இறக்கி விடுங்கம்மா, இப்படி மூச்சு வாங்குதே."

"உள்ள போய் நிக்கட்டும் சிஸ்டர். போன தடவ லிஃப்டுக்கு நின்னு நின்னே பாழாப் போச்சு."

"எனக்கு வெக்கமா இருக்கும்மா" என்றாள் மகள். நர்ஸ் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி.

"இன்னைக்குத்தானே கண்ணு கடைசி அளவு." தாய் நர்ஸைப் பார்த்தாள். "எனக்கு எட்டாத தாழ்ப்பாள் இவளுக்கு எட்டணும் சிஸ்டர். வேற ஒண்ணும் கேக்கல."

மகளை உள்ளே இறக்கிவிட்டு, தாய் வெளியே போய் நின்றாள்.

4

உயரம் அளக்கும் கோலின் பலகையைச் சிறுமியின் தலைவரை இறக்கியபோது நர்ஸ் கவனித்தாள். பாவாடைக்குள் முட்டி லேசாக மடங்கியிருந்தது.

"வாயாடி, நேரா நில்லு."

நின்றாள். இரண்டாம் முறையும் மடங்கியது. மூன்றாம் முறை நர்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன என்னடா?"

சிறுமி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் வளந்துட்டா, தெருவுல அம்மா மட்டும்தானே தனியா இப்படி இருப்பாங்க?"

5

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நர்ஸ் முட்டியை அழுத்திப் பிடித்து அளக்கிறாள், அளவு கூடியிருக்கிறது. இன்னொன்றில் மடங்கிய முட்டியோடு வந்த அளவையே எழுதிவிடுகிறாள். (மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.) மூன்றாவதில் அவள் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு...

அளவை எப்படியாவது எழுதிவிடுவேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் என்னிடம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். முணுமுணுக்க வேண்டாம். கதவு திறந்துதான் இருக்கிறது, கேள்வி வெளியேயும் கேட்டுவிட்டது. அம்மாவும் அந்தப் பதிலுக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.