இரண்டு ஆள் பாரம்

சேதுபதி தன் குடையைக் கிடையாகப் பிடித்து, காருக்கும் மதிலுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். குடை நுழையவில்லை.

"பெட்டி போகாது," என்றார். ரயிலில் முப்பது வருடம் கார்டு வேலை பார்த்தவர். எது போகும், எது போகாது என்று சொல்வதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது.

கூடத்தில் தம்பிராஜா பெட்டிக்குள் கிடந்தார். வாசலில், அவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த, தோட்டத் துரை ஒருவரின் பச்சை ஸ்போர்ட்ஸ் கார் கட்டைகள் மேல் நின்றது. பின்சக்கரங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. இடப்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்கை அவர் மாட்டி முடித்திருந்தார். வலப்பக்கத்தது தகரத் தட்டில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஸ்பிரிங் நுனிகளில் போடச் சிங்கப்பூரிலிருந்து தபாலில் வந்த புது ரப்பர்கள், ஒரு கோப்பிக் கோப்பை. காலையில் அந்தக் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

பாக்கியலட்சுமி கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் அவள் இதே வாசலில் நின்று கத்தியிருந்தாள். "இந்தக் காடிய வழியில போட்டுட்டா, நாளைக்கு ஒருத்தர் செத்தா பொணத்த எப்படி வெளிய கொண்டு போறதாம்?" காஜா பெராங் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். துக்கத்துக்கு வந்த பெண்கள் யாரும் இப்போது காரைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மிகவும் கவனமாக இருந்தார்கள்.

"பின்பக்கமா கொண்டு போயிடலாமே," என்றார் ஒருவர்.

"அது மலவாளிக்காரன் வர்ற சந்து லா," என்றார் சேதுபதி. "அது வழியா அனுப்புனா தம்பிராஜா எந்திரிச்சு வந்துடுவான்."

"மதில இடிச்சா?"

"சீனர் வீட்டு மதிலு. அந்தப் பக்கம் அவங்க சாமி இருக்கு. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பெட்டி வாசல் தாண்டணும்."

மணி மூன்றாகியிருந்தது. பாக்கியலட்சுமியின் தம்பி ஜெயபாலன் சட்டையைக் கழற்றினான். தபால் ஆபீஸ் குமாஸ்தா. அவன் கை அறிந்த எண்ணெய் தலைக்குத் தேய்ப்பது மட்டும்தான்.

"நான் மாட்டுறேன். சக்கரத்தப் போட்டு ரோட்டுக்குத் தள்ளிடலாம்."

காருக்கு அடியில் போனான். நெடுநேரம் இரும்பு இரும்பில் மோதியது. நடுவில் அவன் தன் கட்டைவிரலை முன்னிட்டுச் சில வார்த்தைகள் சொன்னான். அவை கேட்காதபடி பெண்கள் ஒப்பாரியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள்.

பிறகு சத்தம் மாறியது. ஸ்பேனர் இழுத்து இழுத்து இறுக்கும் சத்தம். பாக்கியலட்சுமி எழுந்தாள்.

"எங்கடி போற?" சின்னம்மா முந்தானையைப் பிடித்தாள். "பெட்டிய விட்டு எந்திரிக்கக் கூடாது."

"தொங்குறப்ப முறுக்குறான், சின்னம்மா."

சின்னம்மாவின் பிடி தளர்ந்தது. துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்துப் பெண்ணிடம் சைகை காட்டினாள்.

பாக்கியலட்சுமி வாசலுக்குப் போய்க் குனிந்தாள். "பாலா, நட்ட லூசாக்கு."

"தள்ளுறதுக்குத்தானே, அக்கா."

"காடி தொங்குறப்ப முறுக்கினா ரப்பரு முறுக்கிக்கிட்டே நிக்கும். ரெண்டு மாசத்துல கிழிஞ்சு பழையபடி கீச்சு கீச்சுன்னு கத்தும். கீழ எறக்கி, ரெண்டு ஆள் பாரம் ஏத்திட்டுத்தான் முறுக்கணும்."

"இப்ப இதுதான் முக்கியமா, தங்கச்சி?" என்றார் சேதுபதி.

"செவ்வாக்கெழம தொர வந்து எடுத்துட்டுப் போறாரு. பதினாறு நாளைக்கு நான் வாசல் தாண்ட முடியாது."

சுதந்திரம் வந்து பத்து மாதம். தோட்டத்துத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்.

"சீமையில போயி கத்தினா நமக்குக் கேக்கவா போவுது?" என்றார் சேதுபதி.

அவள் குனிந்தபடியே நின்றாள். ஜெயபாலன் நட்டைத் தளர்த்தினான்.

சக்கரங்கள் ஏறின. கட்டைகளை உருவினார்கள். கார் ஒரு சாண் இறங்கி நின்றது.

"பாரம்?" என்றான் ஜெயபாலன் அடியிலிருந்து.

பாக்கியலட்சுமி இடப்பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள். இருபத்திரண்டு வருடமாக அது அவள் வேலை. மலாக்காவில் ஓடிய எல்லா ஸ்போர்ட்ஸ் காரிலும் உட்கார்ந்திருக்கிறாள். எதிலும் எங்கும் போனதில்லை. மடியில் நெத்திலித் தட்டை வைத்துத் தலை கிள்ளிக்கொண்டிருப்பாள். பக்கத்து இருக்கையில் அரிசி மூட்டை. அடியிலிருந்து தம்பிராஜாவின் குரல் வரும்: "ஆடாம உக்காரு." அவர் அவளிடம் அதிகம் பேசியது அதுதான்.

அரிசி மூட்டை நேற்றோடு காலியாகியிருந்தது. அவள் சேதுபதியைப் பார்த்தாள்.

"நானா?"

"ரெண்டு ஆளுண்ணே."

சேதுபதி செருப்பைக் கழற்றிவிட்டு, குடையோடு ஏறினார். இருவரும் திறந்த காரில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். புக்கிட் பாருவிலிருந்து மாலையோடு வந்த ஒருவர், அதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றார்.

ஜெயபாலன் வெளியே வந்தபோது மணி நாலு பத்து.

"யாரு ஸ்டீயரிங் பிடிக்கிறது?"

அவனுக்குச் சைக்கிள் மட்டும்தான் தெரியும். சேதுபதி அவசரமாக இறங்கினார். "ரயில்ல திருப்புறதுக்கு ஒண்ணும் கிடையாது."

பாக்கியலட்சுமி வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். தம்பிராஜா தள்ளும்போதெல்லாம் திருப்பியவள் அவள்தான்.

"புருஷனுக்கு முன்னாடி காடியில போறாளே," என்றாள் சின்னம்மா. வேறு வழி யாரும் சொல்லவில்லை.

எட்டுப் பேர் தள்ளினார்கள். வாசலில் சாக்கடை மேல் ஒரு பலகை. ஒவ்வொரு காரையும் அதில் ஏற்றி இறக்கித்தான் தம்பிராஜா காது கொடுத்துக் கேட்பார். முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. பின்சக்கரங்கள் ஏறி இறங்கின. ஒரு சத்தமும் இல்லை. சேதுபதிகூடக் குனிந்து பார்த்தார்.

ரோடு சரிவு. கைபிரேக் கம்பியைத் தம்பிராஜா கழற்றிப் போட்டிருந்தார். அவள் ஓரமாகத் திருப்பி, பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

"எறங்கு அக்கா, பெட்டி வருது."

"கால எடுத்தா ஓடிடும். கட்டைய கொண்டா."

கட்டைகள் வாசலுக்கு உள்ளே இருந்தன. வாசலில் பெட்டி வந்துகொண்டிருந்தது.

சங்கு ஊதினார்கள். மணி நாலு இருபத்தைந்து. பெட்டி பலகையைத் தாண்டி, காரை ஒட்டி, அவள் தலைக்கு மேலாக, ரோட்டில் காத்திருந்த லோரியை நோக்கிப் போனது.

அவள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல், ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.